வேலூர் வட்டாரத்தில் பொது இடங்களில் படம் எடுப்போருக்கு: அனுமதி பெறும் முறை முழுமையாக

பொது இடம் என்றால் எப்படி வேண்டுமானாலும் படம் எடுக்கலாம் என்ற எண்ணமும், கேமராவை வெளியே எடுத்தாலே யாராவது வந்து தடுப்பார்கள் என்ற தயக்கமும் நம் பகுதிப் புகைப்படக்காரர்களிடம் ஒருங்கே காணப்படுகின்றன. இரண்டுமே சரியல்ல. பொது இடத்தில் படம் எடுப்பதை ஒட்டுமொத்தமாகத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதே வேளையில், கோட்டைக்கு ஒரு துறை, காட்டுக்கு ஒரு துறை, ஏரிக்கரைக்கு ஒரு துறை, ரயில்வே நடைமேடைக்கு ஒரு துறை என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு காப்பாளர் இருக்கிறார். அவரவர் சட்டம்தான் அங்கங்கே செல்லும். ஆகவே படம் எடுக்கக் கிளம்பும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இங்கே படம் எடுக்கலாமா?" என்பதன்று, "இந்த இடம் யார் பொறுப்பில் இருக்கிறது?" என்பதே. அதற்கு விடை கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் ஒரு கடிதத்துக்கும் சில நாள் காத்திருப்புக்கும் உட்பட்ட வேலை.

முதல் படி: நிலம் யாருடையது என்று அறிதல்

பழைய வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூர் மாவட்டம் 2019-இல் மேலும் மூன்றானது. பலர் இன்றும் பழக்கத்தில் எல்லா விண்ணப்பத்தையும் வேலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கே அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். அமிர்தி, வள்ளிமலை, குடியாத்தம், மோர்தானா ஆகியவை வேலூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அரக்கோணம், காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஆகியவை ராணிப்பேட்டைக்குச் சென்றுவிட்டன. ஏலகிரியும் காவலூரும் திருப்பத்தூர் மாவட்டம். சமுனாமரத்தூர், திருமலை, மாமண்டூர் ஆகியவை திருவண்ணாமலை மாவட்டம். ஜவ்வாது மலை ஒன்றே ஒன்றாகத் தெரிந்தாலும் நிர்வாகத்தில் அது ஒன்றன்று. மலையின் எந்தச் சரிவில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து வனக்கோட்டமும் மாறும், ஆட்சியரும் மாறுவார்.

பெயர்ப்பலகை உள்ள இடங்களில் சிக்கலில்லை. பெயர்ப்பலகை இல்லாத பாறைக்குன்று, குளக்கரை, ஆற்றுமணல், மந்தைவெளி ஆகியவற்றில்தான் குழப்பம் வருகிறது. அதற்கு வழி கிராமக் கணக்கிலேயே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைப் பார்த்து அந்த இடத்தின் புல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு தமிழக அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" நிலச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றை உள்ளிட்டால், நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் 'அ' பதிவேட்டு விவரம் கிடைக்கும். பட்டா என்றிருந்தால் அது தனியார் நிலம். உரிமையாளரின் சம்மதம் போதும், அது இல்லாமல் நுழைந்தால் அத்துமீறல். ஏரிப் புறம்போக்கு, ஆற்றுப் புறம்போக்கு என்றிருந்தால் நீர்வளத் துறையையோ, சிறு நீர்நிலையாக இருந்தால் ஊராட்சியையோ அணுக வேண்டும். மேய்க்கால், பாறை, கல்லாங்குத்து போன்ற பிற புறம்போக்குகளுக்கு வட்டாட்சியர் அலுவலகம். காடு என்றிருந்தால் வனத்துறை. வேலை ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காது. ஆனால் திருமண வீட்டாரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, குழுவோடு வண்டியெடுத்துப் போய், கரையில் வைத்துத் திருப்பி அனுப்பப்படும் நிலை இதனால் தவிர்க்கப்படும்.

இரண்டாம் படி: நோக்கத்தையும் கருவியையும் நேர்மையாக வகைப்படுத்துதல்

எந்தத் துறையாக இருந்தாலும் அதிகாரி பார்ப்பது மூன்றை: எதற்காக எடுக்கிறீர்கள், என்னென்ன கொண்டு வருகிறீர்கள், எத்தனை பேர் வருகிறீர்கள். கையில் ஒரு கேமராவோடு தனியாக நடப்பவர் பெரும்பாலான இடங்களில் சாதாரணப் பார்வையாளராகவே கருதப்படுகிறார். அதே கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, ஒரு சாஃப்ட்பாக்ஸ் விளக்கை வைத்து, மணமக்களுக்கு உடை மாற்ற ஒரு திரையும் கட்டிவிட்டால் அது படப்பிடிப்பு. வணிக நோக்கத்தைச் சொந்த உபயோகம் என்று எழுதி அனுமதி வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். படம் விளம்பரத்தில் வந்த பிறகு அந்தக் கடிதமே உங்களுக்கு எதிரான சான்றாகிவிடும். அடுத்து வருபவருக்கும் அந்த அலுவலகத்தில் கதவு மூடிக்கொள்ளும்.

வேலூர்க் கோட்டை

இவ்வட்டாரத்தில் அதிகம் படமெடுக்கப்படுவதும், அதிகம் வாக்குவாதம் நடப்பதும் இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சுமார் 133 ஏக்கர் பரப்புள்ள இக்கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். ஆனால் கோட்டை வாயிலில் நுழைந்து கால் மணி நேரம் நடப்பதற்குள் நீங்கள் பல நிர்வாகங்களைக் கடந்துவிடுகிறீர்கள். மதிலும் அகழியும் தொல்லியல் துறையினுடையவை. ஜலகண்டேஸ்வரர் கோவிலின் கட்டடமும் அத்துறையின் பாதுகாப்பில் இருப்பதே. ஆனால் 1981-இல் மீண்டும் வழிபாடு தொடங்கியதிலிருந்து பூசையும் திருவிழாவும் கோவில் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. அரசு அருங்காட்சியகம் மாநில அருங்காட்சியகத் துறைக்கு உட்பட்டது. வெள்ளிக்கிழமை விடுமுறை, கேமராவுக்கு அங்கே தனிக் கட்டணம். தேவாலயத்துக்குத் தனி நிர்வாகம் உண்டு. கோட்டைக்குள் உள்ள அரசு அலுவலகக் கட்டடங்களை அந்தந்த அலுவலகத் தலைவரின் அனுமதி இல்லாமல் படம் எடுக்கலாகாது. ஆகவே "கோட்டையில் அனுமதி வாங்கிவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், கோட்டையின் எந்தப் பகுதிக்கு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தொல்லியல் துறைக்கு அடிப்படை 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் 1959-ஆம் ஆண்டு விதிகளும். பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் பார்வையாளர்கள் படம் எடுப்பதற்கு 2018-இல் துறை பொதுவாக இசைவு அளித்துவிட்டது. தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி, அஜந்தா குகைகள், லே அரண்மனை ஆகிய மூன்றுக்கு மட்டுமே அப்போது விலக்கு வைக்கப்பட்டது. எனவே கையில் பிடித்த கேமராவாலோ செல்பேசியாலோ மதிலையும் அகழியையும் எடுப்பவரை யாரும் தடுக்க வேண்டியதில்லை. எல்லை எங்கே தொடங்குகிறது என்பதை 1959-ஆம் ஆண்டு விதிகள் மிகத் துல்லியமாகவே வரையறுத்திருக்கின்றன: கேமரா ஸ்டாண்ட், நாற்காலி, மேசை போன்றவற்றை உள்ளே கொண்டுவருவது, சாரம் கட்டுவது, செயற்கை ஒளியைப் பயன்படுத்துவது, கல்லின் மேல் நீரோ எண்ணெயோ கிரீசோ பூசுவது ஆகியவற்றுக்கு எழுத்து மூலமான அனுமதி வேண்டும். காவலர் ட்ரைபாடைப் பார்த்ததும் ஓடி வருவது இந்த விதியின்படிதான்; அவரோடு சண்டையிடுவதில் பயனில்லை.

ட்ரைபாட் வைத்துத் தனியாகப் படம் எடுப்பவர்கள், ஆய்வுக்காகச் சிற்பங்களை ஆவணப்படுத்துபவர்கள் ஆகியோர் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் இயங்கும் சென்னை வட்டக் கண்காணிப்புத் தொல்லியலாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதன் நகலைக் கோட்டையில் உள்ள துறையின் உள்ளூர் அலுவலகத்திலும் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் படம் எடுக்கும் நாளில் உங்களை எதிர்கொள்ளப் போவது அவர்கள்தான். திரைப்படம், விளம்பரப் படம் போன்றவற்றுக்குத் தனி உரிமம், நாளுக்கு இவ்வளவு என்ற கட்டணம், திரும்பக் கிடைக்கும் காப்புத்தொகை ஆகியவை உண்டு. பல வாரங்களுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை அது. கூரை உள்ள உட்பகுதிகளில் படப்பிடிப்புக்கு உரிமம் பொதுவாகக் கிடைக்காது. கல்விக்காகவோ நினைவுச்சின்னத்தைப் பரவலாக அறிமுகப்படுத்துவதற்காகவோ எடுக்கும் படங்களுக்கு மட்டுமே விதியில் இடம் இருக்கிறது. ஜலகண்டேஸ்வரர் கோவிலின் கல்யாண மண்டபத் தூண்களை மனத்தில் வைத்துத் திட்டமிடும் படக்குழுக்கள் இந்த ஒரு விதியை முதலிலேயே படித்துவிட வேண்டும்.

அந்த மண்டபத்துத் தூண்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. யாளிமேல் அமர்ந்த வீரனின் கால்விரல், குதிரையின் கடிவாளம், கிளியின் அலகு என்று விரல்நுனி அளவே உள்ள செதுக்கல்கள் அங்கே பல. மெருகு ஏறிய இடங்களைப் பார்த்தாலே எத்தனை கைகள், எத்தனை தோள்கள் அவற்றில் உரசியிருக்கின்றன என்பது விளங்கும். மணமகளைத் தூணில் சாய்ந்து நிற்கச் சொல்வதும், சிற்பத்தின் மடியில் மலர்க்கொத்தை வைப்பதும் படத்துக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் செய்யக் கூடாதவை. பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் இடமளிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒருமுறை உடைந்த அலகு திரும்ப முளைப்பதில்லை.

பிற தொல்லியல் இடங்கள்

மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த மகேந்திரவாடிக் குகை, மாமண்டூர்க் குகைகள், வள்ளிமலைச் சமணச் சிற்பங்கள், திருமலைச் சமணத் தலம் ஆகியவற்றுக்கும் மேற்சொன்ன விதிகளே பொருந்தும். கல்வெட்டு எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியைத் தேய்ப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் இங்கெல்லாம் வழக்கமாகிவிட்டன. இரண்டும் விதிமீறல், கல்லுக்கும் கேடு. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் போனால் எழுத்துகள் தாமாகவே எழுந்து நிற்கும். சில சின்னங்கள் மாநிலத் தொல்லியல் துறையின் கீழ் 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்படுகின்றன. அவற்றுக்கு விண்ணப்பம் செல்ல வேண்டிய முகவரி வேறு. நீலப் பலகையில் துறையின் பெயர் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கோவில்கள்

இந்து சமய அறநிலையத் துறைக் கோவில்களில் செயல் அலுவலரே முதல் தொடர்பு. கருவறையைப் படம் எடுக்க அனுமதி கேட்கவே வேண்டாம். கோவில்களுக்குள் செல்பேசியைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அதன் பிறகு பல கோவில்களில் நுழைவாயிலிலேயே பேசியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோவிலின் கோபுரத்தையோ வெளிப்பிராகாரத்துச் சிற்பங்களையோ ஆய்வுக்காக எடுக்க விரும்பினால், எந்த நாள், எந்த நேரம், எந்தப் பகுதி என்று குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதுங்கள். பூசை வேளையைத் தவிர்த்து நேரம் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல பதிலே கிடைக்கிறது. ஸ்ரீபுரம் பொற்கோவில் தனியார் அறக்கட்டளையினுடையது; உள்ளே கேமராவும் செல்பேசியும் அனுமதிக்கப்படுவதில்லை.

காடும் மலையும்

நம் வட்டாரக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் இருப்பது; காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே அச்சட்டப்படி குற்றம், கேமரா இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஜவ்வாது மலையில் சந்தன மரத்தைக் காக்க வேண்டிய பொறுப்பு இருப்பதால், அந்தி சாய்ந்தபின் பையோடு காட்டுப்பாதையில் நடப்பவரை வனக்காவலர்கள் ஐயத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. பொதுச் சாலை, மலைக்கிராமம், ஏலகிரி போன்ற சுற்றுலா இடங்கள், கட்டணம் செலுத்தி நுழையும் அமிர்தி விலங்கியல் பூங்கா ஆகியவற்றில் பார்வையாளராகப் படம் எடுக்கலாம். சாலையை விட்டு இறங்கிக் காட்டுக்குள் செல்வதாக இருந்தால் வனச்சரகர் வழியாக மாவட்ட வன அலுவலருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் சரகத்தின் பெயர், எந்த வழியாக நுழைந்து எந்த வழியாக வெளியேறுவீர்கள், உடன் வருபவர்களின் பெயர்கள், வண்டி எண், எந்த உயிரினத்தை அல்லது நிலக்காட்சியை எடுக்க விரும்புகிறீர்கள் ஆகியவை இருக்கட்டும். 2018 மார்ச்சில் குரங்கணியில் நேர்ந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு மாநிலத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்துவிட்டன. கோடைக்காலத்தில் தீ அபாயம் மிகும்போது மலையேற்றப் பாதைகள் மூடப்படும். எனவே பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களுக்குத் திட்டம் போடும் முன் சரக அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நிலக்காட்சிப் படம் மட்டுமே வேண்டுமென்றால், அரசு 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டப் பாதைகளில் இணையம் வழியாகப் பதிவு செய்து வழிகாட்டியோடு செல்வது எளிதான வழி.

பறவைகளை எடுப்பவர்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கு உள்ள வரையறையை ஒருமுறையாவது படிக்க வேண்டும். இரை வைத்து விலங்கை வரவழைப்பதும் துரத்துவதும், பறவைகளின் அல்லது ஊர்வனவற்றின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அந்த வரையறைக்குள் வருகின்றன. கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்து ஒதுக்குவது, ஆந்தை பாய்ந்து வரும் படத்துக்காக எலியை விடுவது ஆகியவற்றைத் தம் கைத்திறனாகச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கி எடுக்காவிட்டாலும் சட்டத்தின் பார்வையில் அவர்கள் வேட்டையாடியவர்களே. கூட்டுப் படங்களை ஏற்பதையே நம் புகைப்படச் சங்கங்கள் நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பகுதிகளில் யானைகளைத் தேடிச் செல்பவர்கள் மாநில எல்லையைக் கவனிக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் இருப்பது ஆந்திர மாநிலத்தின் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம். அங்கே நுழைய தமிழ்நாட்டு வனத்துறையின் கடிதம் செல்லாது. ஆந்திர வனத்துறையின் அனுமதி வேண்டும். சரணாலயத்துக்குள் புகைப்படத்துக்காக நுழைய அனுமதி வழங்கும் அதிகாரம் அதே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் இருக்கிறது.

இரவு வானத்தை எடுப்பவர்களுக்குக் காவலூர் தெரிந்திருக்கும். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு ஆய்வகம் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கியோடு இயங்குகிறது. வளாகத்துக்குள் நிறுவனத்தின் விதிகளே செல்லும். வெளியே சாலையோரம் நின்று விண்மீன்களை எடுக்கும்போதும், காட்சிக்கு அழகு சேர்க்க மரங்களின் மேல் வலுவான டார்ச் விளக்கைப் பாய்ச்சாதீர்கள். அந்த மலையை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்ததே அதன் இருட்டுக்காக.

ஏரி, ஆறு, சாலை, ரயில்

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பறவைகளைப் படம் எடுப்பதற்குத் தடையில்லை. மதகின் மேல் ஏறுவது, வரப்போரத் தனியார் வயலில் இறங்குவது, மோர்தானா போன்ற அணைகளின் மேற்பகுதியைப் படம்பிடிப்பது ஆகியவற்றுக்கு முன் நீர்வளத் துறைப் பொறியாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

நகரச் சாலையில் நடந்தபடி படம் எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. போக்குவரத்தை நிறுத்தும் அளவுக்குக் குழுவோ விளக்கோ இருந்தால் மாநகராட்சி, காவல்துறை இரண்டின் இசைவும் வேண்டும். திரைப்படம், தொடர், விளம்பரம் ஆகியவற்றுக்கு அரசு இடங்களில் அனுமதி வழங்கும் பணியைச் செய்தி மக்கள் தொடர்புத் துறை ஒற்றைச் சாளர முறையில் கவனிக்கிறது.

காட்பாடி சந்திப்பில் வணிகப் படப்பிடிப்பு நடத்த, சென்னையில் உள்ள தெற்கு ரயில்வேயின் தலைமை மக்கள் தொடர்பு அதிகாரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி அத்துமீறல். அதற்கு அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம், வேலூர் மத்தியச் சிறை போன்றவற்றின் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். 1923-ஆம் ஆண்டு அலுவல்சார் இரகசியச் சட்டம் பாதுகாப்புத் தளங்களுக்குப் பொருந்தும். அறியாமல் எடுத்தேன் என்ற விளக்கம் அங்கே எளிதில் எடுபடாது.

ட்ரோன்

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி வரை முன் அனுமதியின்றிப் பறக்கவிடலாம். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இன்றிக் கூடாது. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான மைக்ரோ ட்ரோனை வணிகத்துக்காக ஓட்டுபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் கட்டாயம். திருமணப் படப்பிடிப்பு வணிகமே. பறக்கவிடும் நாளன்று காலையில், இந்த மூன்று பகுதிகளையும் காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைத் திறந்து பாருங்கள், ஏனெனில் 96 மணி நேரம் வரை ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்புப் பகுதியாக அறிவிக்க விதியில் இடமிருக்கிறது. முக்கியப் பிரமுகர் வருகை, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா போன்ற பெருங்கூட்ட நாள்களில் காவல்துறையையும் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வான்வெளி பச்சையாக இருப்பதால் கீழே உள்ள நிலத்தின் விதி தளர்ந்துவிடாது. கோட்டையின் மேல் பறக்கத் தொல்லியல் துறையும், காட்டின் மேல் பறக்க வனத்துறையும் தனியே எழுத்தில் இசைய வேண்டும்.

மனிதர்கள்

பொது இடத்தில் தெரியும் முகத்தைப் படம் எடுப்பது பொதுவாகக் குற்றமன்று; அதை விளம்பரத்துக்கு விற்பதற்குச் சம்மதக் கடிதம் வேண்டும். ஒரு பெண்ணைத் தனிமையில் இருக்கும் நிலையில் அவர் அறியாமல் படம் எடுப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவின்படி குற்றம்; ஆற்றங்கரையிலும் கோவில் குளத்திலும் குளிப்பவர்களை எடுக்கும் பழக்கம் முற்றிலும் ஒழிய வேண்டும். சிறுவர்களை எடுக்கும் முன் பெற்றோரைக் கேளுங்கள். மலைக்கிராமங்களில் ஊர்ப் பெரியவரிடம் முதலில் சென்று வந்த காரணத்தைச் சொல்லுங்கள். தை மாதம் நடக்கும் எருது விடும் விழாவில் விழாக் குழுவும் காவல்துறையும் காட்டும் தடுப்புக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

விண்ணப்பம் எழுதுதல்

நீண்ட விளக்கங்கள் வேண்டாம். அதிகாரி ஒரே பார்வையில் முடிவெடுக்க இயலும்படி எழுதுங்கள். ஒரு மாதிரி:

"மதிப்பிற்குரிய ஐயா, வேலூர்க் கோட்டையின் வடக்கு மதிலையும் அகழியையும் சொந்த ஆவணத் தொகுப்புக்காக, வரும் மாதம் 12-ஆம் தேதி காலை 6.30 முதல் 8.30 மணி வரை நிழற்படம் எடுக்க அனுமதி வேண்டுகிறேன். ஒரு கேமரா, ரப்பர் அடி பொருத்திய ஒரு ட்ரைபாட் ஆகியவை மட்டும் பயன்படுத்தப்படும். செயற்கை விளக்கு, ட்ரோன் இல்லை. என்னுடன் உதவியாளர் ஒருவர் வருவார். படங்கள் வணிகத்துக்குப் பயன்படுத்தப்பட மாட்டா. இருவரின் அடையாள அட்டை நகல்களும் இடத்தைக் குறித்த வரைபடமும் இணைத்துள்ளேன்."

மழை வந்தால் மாற்று நாளாக இன்னொரு தேதியையும் அதிலேயே கேட்டுவிடுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் அனுப்பியதற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். கட்டணத்தை இரசீதோ செலானோ இல்லாமல் யாரிடமும் செலுத்தாதீர்கள். பதில் வரத் தாமதமானால் ஒருமுறை நேரில் சென்று கோப்பு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கோப்பு எண் தெரிந்தவருக்கு அலுவலகத்தில் பதில் சொல்வது எளிது. மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள்.

படம் எடுக்கும் நாளிலும் அதன் பிறகும்

அனுமதிக் கடிதத்தின் அச்சுப்பிரதிகள் மூன்றை எடுத்துச் செல்லுங்கள்: ஒன்று வாயில் காவலருக்கு, ஒன்று உள்ளூர் அலுவலகத்துக்கு, ஒன்று உங்கள் பையில். செல்பேசித் திரையில் காட்டும் கடிதத்தை வாயிலில் பலர் ஏற்பதில்லை. காவலர் நிறுத்தினால் கேமராவைத் தாழ்த்திவிட்டுக் கடிதத்தைக் காட்டுங்கள். கடிதத்தில் இல்லாத பகுதி என்று அவர் சொன்னால் அது சரியா என்று பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். படத்தை அழிக்கச் சொன்னால், உடனே அழிக்காமல் மேலதிகாரியிடம் பேச வாய்ப்புக் கேளுங்கள். வாக்குவாதத்தை அங்கேயே பெரிதாக்க வேண்டாம்.

எடுத்த படங்களின் உரிமை பற்றியும் முன்கூட்டியே எழுதிக்கொள்வது நல்லது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே படத்தின் உரிமை சேரும். ஆகவே கோட்டையில் எடுத்த திருமணப் படத்தை உங்கள் கடை விளம்பரப் பலகையில் வைக்க வேண்டுமானால் அதற்கான ஒரு வாசகத்தை முன்பண இரசீதிலேயே சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். அனுமதிக் கடிதத்தையும் கட்டண இரசீதையும் ஸ்கேன் செய்து அந்த நாளின் படங்களுள்ள கோப்புறையிலேயே வையுங்கள். பதிப்பகமோ போட்டிக் குழுவோ சில ஆண்டுகள் கழித்து இந்த இடத்தில் அனுமதி பெற்றீர்களா என்று கேட்கும்போது தேட வேண்டியிராது.